இரண்டு பழங்கப்பல்களின் பழுதுக் கணக்கு

வியாபாரத்தில் இருப்பவர் எவரையும் என்றேனும் ஒருநாள் எதிர்ப்படும் கேள்வி ஒன்றுண்டு. கடைக் கட்டடமோ, லாரியோ, அரவை இயந்திரமோ, கையிலிருக்கும் பொருள் தளர்ந்துவிட்டது. அதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. ஆயினும் அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று கற்றுக்கொள்ள நல்லதோர் வழியுண்டு. பழைய மரக்கலத்தைச் செப்பனிடுவோர் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பதே அவ்வழி. பழுதை உள்ளே ஒளித்துக்கொண்டு வெளியே அழகு காட்டுவதில் மரக்கலத்துக்கு நிகரான பொருள் இல்லை.

மரக்கலம் நம்மவர்க்கு அந்நியமானதன்று. மரைக்காயர் என்ற பெயரே மரக்கலத்திலிருந்து வந்தது என்று கூறுவோர் பலர். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோர் பாய்க்கப்பல் ஏறித்தான் வந்தனர். சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் இடையே சரக்கேற்றிய தொங்கான்களை முதற்காலத்தில் ஓட்டியவர்களுள் சூலியர் பெரும் பங்கினர். அத்தொழில் பின்னர் சீனர் கைக்குச் சென்றது; 1983-ஆம் ஆண்டில் படகுகளே ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றப்பட்டன. ஆகவே இன்று மரக்கலப் பழுதை முழுமையாகக் காண வேண்டுமானால் சற்றுத் தொலைவு செல்லவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் இரண்டு கப்பல்களை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று போர்ட்ஸ்மத் நகரில் நிற்கும் 'விக்டரி'. ஓக் மரத்தால் ஆனது. மற்றொன்று ஹார்ட்டில்பூல் நகரில் இருப்பது. அது நம் பக்கத்துத் தேக்கு. அதன் பெயரும் நமக்கு வேண்டியதே: 'திருகோணமலை'.

கலத்தின் உறுப்புகளை ஓரளவு அறிந்தாலன்றிப் பழுது எங்கே ஒளிகிறது என்பது விளங்காது. அடியில் நீளவாட்டில் முதுகெலும்பு போல் ஓடுவது ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்பு போல் எழுவன வங்குகள். வங்குகளின்மேல் வெளிப்பலகை அறையப்படும். பெரிய கப்பலாயின் உட்புறத்திலும் பலகை உண்டு. எனவே வங்கு என்பது இரண்டு பலகைச் சுவர்களுக்கு நடுவே மூடிக் கிடப்பது. கப்பலின் பலமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்தில் நாரைத் திணித்து, மேலே பிசின் பூசி அடைப்பதை நம் ஓடாவிகள் கலப்பற்று என்பர். அரபு மாலுமிகளிடமும் ஏறக்குறைய இதே ஒலியுடைய சொல் வழங்குகிறது. இங்கிலாந்தில் இதற்குப் பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரும் கீலும் பயன்பட்டன. நம் கரையில் குங்கிலியத்தை எண்ணெயிலிட்டுக் காய்ச்சிப் பூசினர். மலாய்க்காரரும் பூகிஸ்காரரும் கெலாம் என்னும் மரத்தின் பட்டையைச் சந்துகளில் திணித்தனர். கம்போங் கிளாம் வட்டாரத்தில் கடை நடத்தும் நம் சகோதரர்களில் எத்தனை பேர், அந்தப் பெயரிலேயே படகுப் பழுதுக்கான சரக்கு ஒன்று அடங்கியிருப்பதை அறிவர்?

மரக்கலத்துக்குப் பகை கடல்நீர் என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. மரத்தில் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருக்குமானால் அது வளராது. கடலின் உப்பும் அதற்கு ஒவ்வாது. ஆகவே கப்பலை அழிப்பது பெரும்பாலும் மேல்தட்டில் விழும் மழைநீரே. ஒரு சந்தில் கலப்பற்று தளர்ந்துவிட்டால் மழைநீர் அதன் வழியே சொட்டி, காற்றோட்டமில்லாத வங்கு இடைவெளியில் தேங்கி நிற்கும். மேலே வண்ணம் பளபளக்க, உள்ளே மரம் பஞ்சாகிவிடும். மழைநீர் ஏறி நைந்த ஓக் மரத்தைத் துளைத்துக் குடியேறும் வண்டினம் ஒன்றும் உண்டு. விக்டரி கப்பலுக்கு அதனால் நேர்ந்த தொல்லை சிறிதன்று. பழைய மாலுமிகள் மேல்தட்டைக் கடல்நீர் கொண்டே கழுவிவந்தது வெறும் வழக்கத்தினால் அல்ல. உப்புநீரில் பலகை ஊறிப் பருத்துச் சந்துகள் இறுகும். உப்பு உள்ளே தங்கிப் பூஞ்சையையும் தடுக்கும்.

கடல்நீரால் வரும் கேடு வேறு வகையானது. நீருக்குள் மூழ்கியிருக்கும் பலகையைக் கப்பற்புழு துளைத்துவிடும். வெப்பக் கடல்களில் அதன் வேகம் அதிகம். இதைத் தடுக்கப் பிரிட்டிஷ் கடற்படையார் 1761-ஆம் ஆண்டில் 'அலாரம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர். 1763-இல் அது திரும்பி வந்தபோது புழுத் தொல்லை இல்லை. ஆனால் பலகையைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. செம்பும் இரும்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு கரைந்துபோகும் என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை. செம்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றப்பட்டு வந்திருந்தன. வேலையாட்கள் சில இடங்களில் அந்தக் காகிதத்தைக் கிழிக்காமலே தகட்டை அறைந்துவிட்டனர். காகிதம் இருந்த இடத்தில் மட்டும் ஆணி கெடவில்லை. கவனக்குறைவாக விடப்பட்ட அந்தக் காகிதம் ஒரு பெரிய உண்மையைக் காட்டிக் கொடுத்தது. இரண்டு உலோகங்களும் தொடக்கூடாது என்று தெரிந்த பின்னர்தான், 1780-களில், இரும்பு ஆணிக்குப் பதிலாகச் செம்புக் கலப்பு ஆணிகள் கப்பலின் அடிப்பகுதியில் இடம்பெற்றன. இன்றும் பழங்கலத்தைச் செப்பனிடுவோர் ஆணியின் உலோகத்தை முதலில் ஆராய்வது இதனால்தான். நல்ல பலகையில் தவறான ஆணி அறைவதைவிடச் சுமாரான பலகையில் சரியான ஆணி அறைவது மேல்.

நிற்க. விக்டரியின் கணக்குக்கு வருவோம்.

இக்கப்பலுக்கு 1759-இல் ஏரா வைக்கப்பட்டு, 1765-இல் நீரில் இறக்கப்பட்டது. செலவு 63,176 பவுன். போர் தணிந்து அவசரம் குறைந்ததால் அதன் மரக்கூடு பலகை அறையப்படாமல் சில ஆண்டுகள் காற்றில் நின்றது. அப்படி நன்கு உலர்ந்த மரமே பிற்காலத்தில் அதன் ஆயுளை நீட்டியது என்பர் அறிந்தோர். 1780-இல் அதன் அடிப்பகுதிக்கு 3,923 செம்புத் தகடுகள் அறையப்பட்டன. 1798-க்குள் தளர்ந்துபோய், போர்க் கைதிகளுக்கான மருத்துவமனைக் கப்பலாக ஒதுக்கப்பட்டது. அத்தோடு அதன் கதை முடிந்திருக்கும். ஆனால் 1799-இல் வேறொரு பெரிய போர்க்கப்பல் கரைதட்டி அழிந்தது. எண்ணிக்கை குறைந்துவிடவே, விக்டரியைப் பழுதுபார்த்து மீண்டும் எடுப்பதென்று தீர்மானித்தார்கள்.

இங்கேதான் வர்த்தகர்கள் நின்று கவனிக்கவேண்டும். 1800-இல் போட்ட மதிப்பு 23,500 பவுன். வேலை முடிந்த 1803-இல் ஆன செலவு 70,933 பவுன். ஒன்றுக்கு மூன்று! புதிதாகக் கட்டியபோது ஆன தொகையையே பழுது மிஞ்சிவிட்டது. இதைக் கேட்டவுடன் எவரோ பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று எண்ணத் தோன்றும். அப்படி எண்ண வேண்டியதில்லை. பலகையைக் கழற்றுவதற்கு முன்னே போட்ட மதிப்பு அது. ஒரு பலகையைக் கழற்றினால் அதன் பின்னேயுள்ள வங்கு கெட்டிருக்கும். வங்கைத் தொட்டால் அதைத் தாங்கும் இணைப்பு ஆட்டம் கண்டிருக்கும். மூடிக்கிடக்கும் பொருளுக்கு வெளியிலிருந்து மதிப்புப் போடுவது, மூட்டையைப் பிரிக்காமல் மிளகுக்கு விலை சொல்வது போன்றது. அப்பழுது வீண்போகவும் இல்லை. 1805-இல் டிரபால்கர் கடற்போரில் நெல்சன் ஏறி நின்ற கப்பல் அதுவே.

அறிந்த ஓடாவிகள் இதனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மதிப்புச் சொல்வதற்கு முன்னால் கலத்தைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவர். நல்ல மரம் கணீரென்று சொல்லும். கெட்ட மரம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் உள்ள இடத்தில் கூரிய ஊசியைச் செருகிப் பார்ப்பர். அதன் பிறகு, மழைநீர் தேங்கக்கூடிய இடங்களாகப் பார்த்து மூன்று நான்கு பலகைகளைக் கழற்றச் சொல்வர். பொதுவாக அணியத்திலும் அமரத்திலும், மேல்தட்டு பக்கச் சுவரோடு சேரும் ஓரத்திலும் இவை இருக்கும். அந்த மூன்று நான்கு பலகைக்கான கூலி வீண் என்று கருதும் முதலாளி பின்னால் மூன்று மடங்கு கொடுப்பார். மொத்தத் தொகை ஒன்றைச் சொல்லி அதற்குள் முடித்துத் தா என்று தச்சரை நெருக்குவதும் நன்றன்று. நெருக்கப்பட்டவர் ஒன்று தொகையை உயர்த்திச் சொல்வார். இல்லையேல் கெட்ட வங்கின்மேல் புதுப்பலகை அறைந்து மூடிவிடுவார். இரண்டாவது செயல் சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படும். நாள் கூலியும் மரத்தின் அளவும் தனித்தனியே எழுதி, வாரந்தோறும் உடனிருந்து பார்த்துத் தீர்ப்பதே நியாயமான ஏற்பாடு.

வேலை நடக்கும் ஒழுங்கையும் சொல்லவேண்டும். கெட்ட பலகைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் கழற்றக்கூடாது. பலகையும் வங்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் கலத்துக்கு வடிவம் நிலைக்கிறது. எல்லாவற்றையும் பெயர்த்தால் அணியமும் அமரமும் தொங்கி, நடுப்பகுதி முதுகு வளைத்துக்கொள்ளும். பிறகு புதுப்பலகை எதுவும் பொருந்தாது. ஆகவே ஓரிடத்தில் திறந்து, அங்கே முடித்து, பிறகு அடுத்த இடம் செல்வர். வங்கில் ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, அதே சாய்வில் புது மரத்தை ஒட்டிப் பிணைப்பர். நல்ல மரத்தைத் தேவையின்றி வெட்டுபவர் ஓடாவி அல்லர். வளைந்த இடத்துக்கான பலகையை நீராவிப் பெட்டியில் வைத்துப் பதப்படுத்துவர்; ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கைக்கணக்கு. எடுத்தவுடன், சூடு ஆறுவதற்குள், நாலைந்து பேர் ஓடிச்சென்று வளைத்து இறுக்கவேண்டும். கலப்பற்று கடைசியில். அதிலும் அளவு உண்டு: நாரை மிகையாகத் திணித்தால் பலகை ஈரமேறிப் பருக்கும்போது ஆணியையே பிடுங்கிவிடும்.

1922-இல் விக்டரி நீரிலிருந்து நிரந்தரமாக எடுக்கப்பட்டு உலர்ந்த டாக்கில் நிறுத்தப்பட்டது. அதற்கெனப் பொதுமக்களிடம் நிதி திரட்டினர். ஜேம்ஸ் கேர்ட் என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் முதலாளி மட்டும் 50,000 பவுன் தந்தார். 1928-இல் வேலை முடிந்தது. 1941-இல் ஜெர்மானியக் குண்டு ஒன்று டாக்கில் விழுந்து சேதம் செய்தது. பின்னர் 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் ஓயாத பழுது. ஓக் மரத்துக்குப் பதிலாகத் தேக்கும் ஆப்பிரிக்க மரமும் வைத்துப் பார்த்தனர். இவ்வளவுக்கும் நடுவே வேறொரு கேடு மெல்ல வளர்ந்தது. நீரில் மிதக்கும்போது கடல் கலத்தை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்குகிறது. கரையில் சில முட்டுகளின்மேல் நிற்கும்போது பாரமெல்லாம் அந்தச் சில இடங்களிலே இறங்குகிறது. கப்பல் சிறிது சிறிதாகத் தொய்ந்தது. 2011-இல் பாரத்தைக் குறைக்க மேல் பாய்மரங்கள் இறக்கப்பட்டன. அதன் பிறகு பழைய முட்டுகளுக்குப் பதிலாக 134 எஃகு முட்டுகள் நிறுவி, கடல் தாங்கிய விதமாகவே தாங்கச் செய்தனர்.

2022-இல் தொடங்கியது இப்போதைய பெரும் பழுது. கப்பலைச் சாரத்தாலும் கூரையாலும் மூடி, வெளிப்பலகைகளைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து, கெட்ட வங்குகளை மாற்றி வருகின்றனர். பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது திட்டம். மரத்தில் பழையபடி ஓக்குக்கே திரும்பிவிட்டனர். தொடக்கத்தில் 3½ கோடிப் பவுன் என்று பேசப்பட்டது. பின்னர் 4 கோடியே 20 லட்சம் என்றாயிற்று. 1800-இல் கண்ட அதே கதைதான், ஆனால் இம்முறை ஏற்றம் அளவோடு நிற்கிறது. இவ்வளவு மாற்றங்களுக்குப் பின் ஆதி மரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளதாகச் சொல்கிறார்கள்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இக்கப்பல் பம்பாயில் கட்டப்பட்டது. சூரத்திலிருந்து 1736-இல் பம்பாய்க்கு அழைத்துவரப்பட்ட லவ்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரின் வழிவந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா அதன் தலைமை ஓடாவி. மரம் மலபார்த் தேக்கு. 1816-இல் பார்சி வழக்கப்படி ஏராவில் ஒரு வெள்ளி ஆணி அறைந்து வேலை தொடங்கினர். 1817 அக்டோபரில் கப்பல் நீரில் இறங்கியது. 1819-இல் இங்கிலாந்து சேர்ந்தபோது போர் ஓய்ந்திருந்ததால் 1845 வரை ஒதுக்கி வைக்கப்பட்டது. அவ்வாறு ஒதுக்கும் கப்பல்களின் பாய்மரங்களை இறக்கி, மேலே கூரையிட்டு மூடுவது அக்கால வழக்கம். அந்தக் கூரை தடுப்பது எதை என்று வாசகர்களுக்கு இப்போது சொல்லத் தேவையில்லை.

பின்னர் அது கடற்பணி செய்தது. அதன்பின் பயிற்சிக் கப்பலாயிற்று. 1897-இல் உடைத்து விற்பதற்காக விலைபேசி விற்றுவிட்டார்கள். ஜார்ஜ் வீட்லி காப் என்ற செல்வர் இளைஞர்களின் பயிற்சிக்கெனப் பழைய கப்பலொன்று வைத்திருந்தார்; அது அதே ஆண்டில் புயலில் சிதைந்தது. உடைப்புக்குப் போன திருகோணமலையை அவர் வாங்கித் தம் இழந்த கப்பலின் பெயரையே அதற்கும் சூட்டினார். இவ்வாறு வேற்றுப் பெயரோடு 1986 வரை அது மாணாக்கர்களைச் சுமந்தது. 1987-இல் பெரிய பார்ஜ் ஒன்றின்மேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தனர். 1990-இல் தொடங்கிய செப்பம் 2001-இல் முடிந்தது. இடையே 1992-இல் பழைய பெயரும் திரும்பியது. ஆதி மரத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் இதுவே மிகப் பழையது.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயது வித்தியாசமுள்ள இரண்டு கப்பல்களில் மரத்தின் கதி இவ்வளவு வேறுபடக் காரணம் என்ன? தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. ஈரமும் பூஞ்சையும் எளிதில் பற்றுவதில்லை. ஓக் மரத்தின் துவர்ச்சாறு தன்னைப் பிடித்திருக்கும் இரும்பு ஆணியையே அரிக்கும். தேக்கோ இரும்பைக் காக்கும். ஆயினும் பெருமையை எல்லாம் மரத்துக்கே கொடுத்துவிடுவது முறையன்று. விக்டரி பெரும்போர்களில் அடிபட்ட கப்பல். உலர்ந்த டாக்கில் நூறாண்டுக்குமேல் நின்று தொய்ந்த கப்பல். திருகோணமலையோ பெரும்பாலும் அமைதியான துறைகளில் மிதந்துகொண்டிருந்தது. அதில் எப்போதும் ஆட்களும் இருந்தார்கள். ஆள் வசிக்கும் கப்பலில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அன்றே தெரிந்துவிடும். பயிற்சிக்கு வந்த பையன்கள் தட்டைக் கழுவி, அடியறை நீரை இறைத்து, தளர்ந்த கயிற்றை மாற்றியிருப்பார்கள். அந்தச் சில்லறை வேலைகளையும் பழுதுக் கணக்கில் நாம் சேர்க்கவேண்டும்.

இவ்விரண்டும் இப்போது சரக்கேற்றிக் கூலி வாங்கும் கப்பல்கள் அல்ல. பார்க்க வருவோர் கொடுக்கும் கட்டணத்தாலும் நன்கொடையாலும் அரசு உதவியாலும் பிழைப்பவை. வியாபாரப் படகு வைத்திருப்பவர் அவற்றைப் பார்த்து, எவ்வளவு பழசானாலும் விடமாட்டேன் என்று நிற்பாரானால் முதலுக்கே மோசம் வரும். தொழிற்படகுக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஏரா நேராக இருக்கிறதா? வங்குகளில் பாதிக்கு மேல் நல்லவையா? பழுது முடியும் வரை அது ஈட்டாமல் கிடக்கும் மாதங்களின் இழப்பைச் செலவில் சேர்த்தாயிற்றா? ஏரா வளைந்துவிட்ட படகில் போடும் பணம் திரும்புவதில்லை. ஏரா நேராயிருந்து, கெட்டது மேல்தட்டும் சில பலகைகளும் மட்டுமானால், புதுப்படகு வாங்கக் கடன்படுவதைவிடப் பழுதே மலிவு. ஆண்டுதோறும் வருமானத்தில் ஒரு பகுதியைப் பழுதுக்கென்று பேரேட்டில் தனிப் பற்றாக ஒதுக்கிவருபவருக்கு இந்தக் கேள்வி தலைவலியாக வருவதில்லை. ஒதுக்காதவர் ஐந்தொகையில் லாபம் என்று காட்டுவதில் ஒரு பகுதி உண்மையில் படகின் மரத்தைத் தின்ற தொகையே.

இன்னொன்றும் உண்டு. எந்தப் பலகை எந்த ஆண்டில், எந்த மரத்தால், எந்த ஆணியால் மாற்றப்பட்டது என்று எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஓடாவியின் நினைவிலே இருக்கும். அவர் போய்விட்டால் அடுத்தவர் மீண்டும் தட்டித்தான் பார்க்கவேண்டும். போர்ட்ஸ்மத்தில் கப்பல் முழுவதையும் லேசர் ஒளியால் அளந்து, கணினியில் அதன் உருவை அமைத்து வைத்திருக்கிறார்கள். அந்த 134 முட்டுகளிலும் பாரம் அளக்கும் கருவிகள் உண்டு. ஓரிடத்தில் பலகை பெயர்த்தால் எந்த முட்டில் பாரம் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பதை உடனுக்குடன் பார்த்துக்கொண்டேதான் அடுத்த பலகையில் கை வைக்கிறார்கள்.